டேர்டெவில் மூன்றாவது சீசனில் அப்படி என்னதான் இருக்கிறது?

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் கேட்டது இது: "மாமா, டேர்டெவில் ரெண்டாவது சீசன் பாதியிலேயே தூக்கம் வந்து விட்டுட்டேன். ஆனா மூணாவதுதான் சூப்பர் ஹீரோ சீரியல்லயே பெஸ்ட் கடைசி சீசன்னு ஹாஸ்டல்ல சத்தியம் பண்றாங்க. நேரா அதுல குதிக்கலாமா? அப்படி என்ன இருக்கு அதுல?"

கேள்வி நாலு வரி. நான் கோர்ட்டில் தொழில் பார்ப்பவன், நாலு வரியில் பதில் சொல்லிப் பழக்கமில்லை. இதே கேள்வி இன்னும் சிலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மருமகனே, குதிக்கலாம். ஆனால் முதல் சீசனை முழுசாகப் பார்த்துவிட்டுக் குதி. 2015 ஏப்ரலில் வந்த அந்த 13 எபிசோடு இல்லாவிட்டால், வில்லன் வில்சன் ஃபிஸ்க் உனக்கு மொட்டைத்தலையும் கோட்டும் போட்ட ஒரு பெரிய உடம்பாகத்தான் தெரிவான். இரண்டாவது சீசனில் பனிஷர் என்ற துப்பாக்கிக்காரன் வரும் முதல் நான்கு எபிசோடும், ஃபிஸ்க் ஜெயிலுக்குள் இருந்துகொண்டே காய் நகர்த்தும் ஒன்பதாவதும் பத்தாவதும் போதும். மிச்சத்தில் நிஞ்சா கூட்டம், செத்தவர்கள் எழுந்து வருவது, ஊருக்கு நடுவே பெரும்பள்ளம் என்று போகும். உனக்குத் தூக்கம் வந்ததில் தப்பே இல்லை. 2017-இல் நான்கு நாயகர்களைச் சேர்த்து 'தி டிஃபெண்டர்ஸ்' என்று எட்டு எபிசோடு எடுத்தார்கள். அதன் முடிவில் ஒரு கட்டடம் நம் நாயகன் மேட் மர்டாக்கின் தலைமேல் இடிந்து விழுகிறது, ஊரே அவன் செத்துவிட்டான் என்று நினைக்கிறது. இது தெரிந்தால் போதும், மூன்றாவது சீசன் அங்கேதான் தொடங்குகிறது.

இனிமேல் கதையைச் சொல்லாமல் பேச முடியாது. பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்றால் இங்கே நிறுத்திக்கொள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட் மர்டாக் சிறுவயதில் ரசாயன விபத்தில் பார்வை இழந்தவன். மற்ற புலன்கள் அளவுக்கு மீறிக் கூர்மை. நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் என்ற பகுதியில் பகலில் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல், இரவில் டேர்டெவில் என்ற பெயரில் முகமூடி போட்டு ரவுடிகளை அடிக்கிறவன். சார்லி காக்ஸ் நடித்தார். எதிராளி வில்சன் ஃபிஸ்க், கிங்பின் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தவன், வின்சென்ட் டி'ஒனோஃப்ரியோ. 2018 அக்டோபர் 19 அன்று மூன்றாவது சீசன் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுகெல்லி வரைந்த 1986-ஆம் ஆண்டு காமிக்ஸ் கதை ஒன்றிலிருந்து எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சதையைப் புதிதாக வைத்தார்கள். முந்தைய இரண்டு சீசனுக்கும் வேறு ஆட்கள் பொறுப்பு, இதற்கு எரிக் ஓல்சன் என்பவர் வந்தார். வந்த மனிதர் முதலில் செய்த வேலை, இருந்ததையெல்லாம் கழித்துப் போட்டதுதான். நிஞ்சா இல்லை. மாயமந்திரம் இல்லை. நாயகனின் சிவப்பு உடைகூட அவனிடம் இல்லை. முதல் எபிசோடில் அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை, நடக்க முடியவில்லை, தேவாலயத்துக்குக் கீழே அவன் வளர்ந்த அநாதை இல்லத்தின் அறை ஒன்றில் சுருண்டு கிடக்கிறான். நம் யோகா மாஸ்டர்கள் சொல்லித் தரும் ஜல நேதிப் பாத்திரத்தால் மூக்கைக் கழுவி, அடைத்திருந்த ரத்தம் வெளியே வந்த பிறகுதான் காது திறக்கிறது. சூப்பர் ஹீரோவுக்குச் சக்தி திரும்பி வரும் காட்சியை இதைவிடச் சாதாரணமாக யாரும் எடுத்ததில்லை.

அங்கே அவனைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் மேகி வாய்த்துடுக்கான ஒரு கன்னியாஸ்திரி. பாளையங்கோட்டையில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் படித்த யாருக்கும் அந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும். பரிதாபப்படவே மாட்டார், ஆனால் சாப்பாட்டுத் தட்டு நேரத்துக்கு வந்துவிடும். அவர் யார் என்பது பாதிக்கு மேல்தான் தெரிகிறது. அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் சத்தியம் பண்ணுகிறவர்களிடம் காரணம் கேட்டால் ஜெயில் சண்டை என்பார்கள், டெக்ஸ் என்பார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். இந்த சீசனைத் தாங்கி நிற்பது ரே நதீம்.

ரே நதீம் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி. முழுப்பெயர் ராகுல் நதீம், தெற்காசிய வம்சாவளி, ஜே அலி நடித்தார். மனைவி சீமா, ஒரு மகன். அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் கூடிச் சாப்பிடும் வீடு. அண்ணிக்குப் புற்றுநோய் வைத்தியம் பார்த்ததில் தலைக்குமேல் கடன். பல வருஷமாகப் பதவி உயர்வு வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டால், நீ கடன்காரன், உன்னை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியும், அதனால் உயர்வு கிடையாது என்பதே பதில். குடும்பத்துக்காகக் கடன் வாங்கிய நேர்மையான ஆள், கடன் வாங்கியதாலேயே நம்பத்தகாதவன் ஆகிறான். இந்த முடிச்சை எழுதியவருக்கு வாழ்க்கை தெரியும். ஆஸ்பத்திரி பில்லுக்காக நகையை அடகு வைத்து, அது மூழ்கப் போகும்போது வட்டிக்கு வாங்கி, அந்த வட்டிக்கு இன்னொரு வட்டி என்று போய், கடைசியில் யாரோ நீட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்கிற குடும்பங்களை இந்த ஜில்லாவில் நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஜெயிலில் இருக்கும் ஃபிஸ்க் தன்னிடம் தகவல் இருக்கிறது என்று சொல்லும்போது, அதைக் கேட்கப் போகிறவன் நதீம். அல்பேனியக் கும்பல் பற்றிய தகவல் உண்மையாகவே பலிக்கிறது. நதீமுக்குப் பேர் வருகிறது, உயர்வு தெரிகிறது. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ஃபிஸ்க் அப்ரூவர் ஆகிவிட்டான். அதற்குக் கூலியாக ஜெயிலிலிருந்து ஒரு சொகுசு ஹோட்டலின் மேல்மாடிக்கு வீட்டுக்காவல் என்ற பெயரில் மாற்றப்படுகிறான். பிறகு அங்குலம் அங்குலமாக அந்த மாடியையும், காவலுக்கு நின்ற அதிகாரிகளையும் தன் வசமாக்குகிறான். யாரிடமும் சத்தம் போடுவதில்லை. ஒருவனுக்கு மகள், ஒருவனுக்குக் கடன், ஒருவனுக்குப் பழைய தப்பு. எல்லோருக்கும் ஒரு கொக்கி இருக்கிறது, அவன் கயிற்றை மட்டும் மாட்டுகிறான். தான் கண்டுபிடித்ததாக நினைத்த வெற்றி முழுக்க ஃபிஸ்க் போட்டுக் கொடுத்த தாளம் என்று நதீமுக்குப் புரியும்போது நேரம் கடந்துவிடுகிறது. கண்ணெதிரே ஒரு கொலை நடக்கிறது, பழியை அவன்மேல் போட எல்லாம் தயாராக இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் செய்கிறதுதான் எனக்கு இந்தத் தொடரிலேயே தாங்க முடியாத இடம்: தேவாலயத்துக்குள் கொலை செய்யப் போகிறவனுக்கு அவன் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். ஓட்டிய கை அவனுடையது. சூப்பர் ஹீரோ கதைகளில் நல்லவர்கள் தடுமாறுவார்கள், ஆனால் எழுதுகிறவர்கள் அவர்கள் கையில் கறை படாமல் பார்த்துக்கொள்வார்கள். இங்கே கறை பட்டுவிட்டது, யாரும் துடைக்கவில்லை.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திருநெல்வேலிச் சீமையில் கொடைவிழா நடக்கும் கோயில்களில் பாதித் தெய்வங்கள் ஒரு காலத்தில் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்த மனிதர்கள். வில்லுப்பாட்டில் விடிய விடிய பாடுவது அவர்கள் கதையைத்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயர் சன்னதி இருக்கிறதே, அவன்தான் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டுச் சகோதரிகளைக் கட்டிக்கொள்ள, பூணூலையும் குடுமியையும் அறுத்து எறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டான். இன்றைக்கும் நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குத் தோல் செருப்பைத்தான் காணிக்கை செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போனால் செருப்புகள் தொங்குவதைப் பார்க்கலாம். கொடைக்கு உட்காருகிற ஒருவருக்கும் முடிவு தெரியாமல் இல்லை. அவன் சாவான் என்று தெரிந்தேதான் சாமம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவனைத் தீர்த்துக்கட்ட முடிந்தது, செத்த பிறகு அவன் சொல்லைத் தட்ட யாருக்கும் தைரியமில்லை. இந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறிய நமக்கு நதீம் எங்கே போகிறான் என்பது அமெரிக்கக்காரனுக்குப் புரிவதற்கு முன்பே புரிந்துவிடும்.

பன்னிரண்டாவது எபிசோடு. நதீம் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டு கிராண்ட் ஜூரி முன்னால் போகிறான். நமக்கு அந்த முறையே இல்லை. குற்றப்பத்திரிகை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற பொதுஜனக் குழு என்று வைத்துக்கொள். அவன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறான். ஆனால் ஃபிஸ்க்கின் ஆட்கள் முந்தின நாளே ஜூரியில் இருப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். வழக்கு அங்கேயே படுத்துவிடுகிறது. பிறழ்சாட்சி பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை, இங்கே சாட்சியை மடக்குவார்கள், அங்கே ஜூரியையே மடக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். சட்டம் கைவிட்ட பிறகு நதீம் செல்போனை எதிரே வைத்துத் தன் வாக்குமூலத்தைப் பதிவு செய்கிறான். கொல்ல வருவார்கள் என்று தெரிந்தும் தப்பி ஓடாமல் தன் வீட்டில் காத்திருக்கிறான்.

ஏன் ஓடவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வக்கீலாகச் சொல்கிறேன், கேள். அமெரிக்கச் சட்டத்தில் செத்துப் போனவனின் பேச்சைச் சாட்சியமாக எடுக்க வேண்டும் என்றால், பேசும்போது தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று அவன் நம்பியிருக்க வேண்டும். சாகப் போகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கையில் அமைந்த விதி அது. நம் சட்டம் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 32-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 26-வது. பேசும்போது சாவை எதிர்பார்த்தானா இல்லையா என்பது இங்கே கேள்வியில்லை, சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னதா என்பதுதான் கேள்வி. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவதைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். நோயாளி சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், கேள்வி பதிலாகக் குறித்துக்கொள்வார்கள், கைவிரல்கள் எரிந்து போயிருந்தால் கால் பெருவிரலில் மையைத் தடவி ரேகை எடுப்பார்கள். அப்படி ஒரு தாளைக் கையில் வைத்து வாதாடியவனுக்கு, நதீம் செல்போன் முன்னால் உட்காரும் காட்சி வெறும் சினிமாக் காட்சி இல்லை. அவனுடைய பேச்சு செல்லுபடியாக வேண்டுமானால் சாவு வரும் என்று அவன் நம்ப வேண்டும். அவன் அந்த நம்பிக்கையோடுதான் உட்காருகிறான். சண்டைப் பயிற்சி இல்லை, கூர்மையான காது இல்லை, கடன் மட்டும் உண்டு. அந்தக் கடன்காரனின் வீடியோதான் கிங்பினைக் கவிழ்க்கிறது, முகமூடி போட்டவனின் குத்து அல்ல.

சண்டைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். நாலாவது எபிசோடில் வரும் ஜெயில் சண்டை ஏறக்குறைய 11 நிமிஷம், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். முதல் சீசனில் நடைபாதைச் சண்டை, இரண்டாவதில் மாடிப்படிச் சண்டை என்று வரிசையாகப் பெயர் வாங்கிய தொடர் என்பதால் இங்கே என்ன செய்வார்கள் என்று எதிர்பார்ப்பு இருந்தது. மேட் தன் நண்பன் ஃபாகியின் வக்கீல் அட்டையைத் திருடி, அவன் பெயரில் ஜெயிலுக்குள் போகிறான். (பாளை ஜெயிலில் மனு கொடுத்து, அட்டையைக் காட்டி, வாசலில் கால் கடுக்க நிற்கிற எங்களுக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வரும்.) உள்ளே மருத்துவ அறையில் அவனுக்கு ஏதோ ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். ஷாட் அங்கிருந்து ஓடுகிறது. தலை சுற்றிக்கொண்டே அடிக்கிறான், சுவரைப் பிடித்து நிற்கிறான், மறுபடி அடிக்கிறான். காக்ஸும் அவருடைய டூப்பும் கேமரா திரும்பும் இடைவெளியில் இடம் மாறிக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் என்று இரண்டாவது தடவை பார்க்கும்போது தேடிப்பார், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் நீ கவனிக்க வேண்டியது வேறு. ஷாட்டின் நடுவே சண்டை நிற்கிறது. அல்பேனியக் கும்பலின் தலைவனோடு மேட் நின்று பேரம் பேசுகிறான், நமக்குத் தேவையான தகவல் அங்கேதான் வருகிறது. வெட்டில்லாத ஷாட்டில் பத்து பேரை விழவைப்பது பயிற்சி. அதற்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே வசனத்தைப் பேசி, கதையையும் ஒரு படி நகர்த்துவதற்குத் தனிக் கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

டெக்ஸ் என்ற பெஞ்சமின் பாயின்டெக்ஸ்டர், எதை எறிந்தாலும் குறி தப்பாத எஃப்.பி.ஐ. ஆள். வில்சன் பெத்தெல் நடித்தார். சிறுவயதிலிருந்தே மனநிலை சரியில்லாதவன், ஒரு டாக்டரம்மாவின் குரல் பதிவு செய்த டேப்புகளைக் கேட்டுக் கேட்டு மனிதனைப் போல நடந்துகொள்ளக் கற்றவன். அவனுடைய கடந்த காலத்தை ஐந்தாவது எபிசோடில் காட்டும் விதம் அருமை. ஃபிஸ்க் அவனைப் பற்றிய கோப்புகளைப் புரட்ட, அந்தப் பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் மேடை நாடகம் போல ஃபிஸ்க்கைச் சுற்றியே நடக்கின்றன. ஒருவனுடைய வாழ்க்கையை இன்னொருவன் வேட்டைக்காக வாசிக்கிறான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த எபிசோடில் டெக்ஸ் அந்தச் சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குள் வருகிறான். மேசையில் கிடக்கிற பென்சில், கத்திரிக்கோல் எல்லாமே ஆயுதம். நாயகன் அடி வாங்கிக் கீழே கிடக்கிறான். ஊர் முழுக்க டேர்டெவில்தான் கொலைகாரன் என்று பேச்சு. உடை போனது மட்டுமில்லாமல் பெயரும் போயிற்று.

ஃபிஸ்க்கைப் பற்றி ஒரு காட்சி மட்டும். அவனுடைய காதலி வனெஸாவுக்குப் பிடித்த அந்த வெள்ளை ஓவியம், முதல் சீசனில் இருந்தே வருகிறதே, அது இப்போது ஒரு யூதக் கிழவியின் வீட்டில் இருக்கிறது. நாஜிகள் பறித்துப்போன குடும்பச் சொத்து அது என்கிறாள் அவள். ஃபிஸ்க் நேரில் போய் நிற்கிறான், கேட்டுவிட்டு, தலை குனிந்து வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுகிறான். அவனுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று நாம் நினைக்கும்படி. பிறகு டெக்ஸ் அந்த ஓவியத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். எப்படிக் கிடைத்தது என்று ஃபிஸ்க் விசாரிக்கவில்லை. சுவரில் மாட்டிக்கொள்கிறான். முந்தைய தலைகுனிவு அந்த ஒரு விநாடியில் அழிந்துபோகிறது.

குறை சொல்லாமல் விட்டால் நான் வக்கீல் இல்லை. மேட் தனியாக உட்கார்ந்து ஃபிஸ்க்கின் உருவத்தோடும் செத்துப்போன அப்பாவோடும் பேசும் காட்சிகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன, இரண்டு மூன்றை வெட்டியிருக்கலாம். ஃபாகி மாவட்ட அட்டர்னி தேர்தலுக்கு நிற்கும் கதை எங்கும் போய்ச் சேரவில்லை. பத்தாவது எபிசோடு மேட்டின் தோழி கேரனின் பழைய கதைக்காக வேகத்தைக் குறைக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும், காரணம் அதன் கடைசிப் பகுதி தேவாலயத்துக்குள் நடக்கிறது.

ஆனால் பெரிய குறை முடிவில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபிஸ்க் வனெஸா கல்யாண விருந்தில் மேட், ஃபிஸ்க், டெக்ஸ் மூன்று பேரும் அடித்துக்கொள்கிறார்கள், ஃபிஸ்க் மேட்டின் கைக்குள் விழுகிறான், கொன்றுவிடலாம். கொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு ஒப்பந்தம்: நீ ஜெயிலுக்குப் போ, என் ரகசியத்தை வெளியே சொல்லாதே, கேரனையும் ஃபாகியையும் தொடாதே, நான் வனெஸாவை விட்டுவிடுகிறேன். நதீமைக் கொல்லச் சொன்னவள் வனெஸா. கோர்ட் பாஷையில் இது ராஜி. ஒரு சூப்பர் ஹீரோ தொடரின் உச்சக்கட்டம் ராஜியில் முடிகிறது என்பது எனக்கு ரசிக்கத்தக்கதாகவே இருந்தது. மேட் கடைசியில் முகமூடிக்காரனாக இல்லாமல் வக்கீலாக வென்றான் என்று வாதாடலாம். ஆனால் நம் சட்டத்தில் கொலை வழக்கை ராஜி பண்ண முடியாது. காரணம் எளிமை, அந்தக் குற்றம் செத்தவனின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் எதிரானதல்ல. இங்கேயோ சொந்தக்காரியைக்கூட யாரும் கேட்கவில்லை. புருஷனின் வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தவள் சீமா. அவன் சாவுக்கு உத்தரவு போட்டவளை, மேட் தன் மூன்று பேரின் பாதுகாப்புக்கு விலையாக விட்டுக்கொடுத்துவிடுகிறான். சீமாவுக்கு அது தெரியுமா? தொடர் சொல்லவில்லை. கேமரா கடைசியில் நண்பர்கள் மூவரும் ஒரு நாப்கினில் புது அலுவலகப் பெயரை எழுதிச் சிரிப்பதற்குப் போய்விட்டது. எழுதியவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்களா, நாலாவது சீசனில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்களா என்பது வேறு விஷயம். பார்க்கிறவனுக்கு அந்த நாப்கின் சிரிப்பு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

நாலாவது சீசன் என்றேனே, அது வரவேயில்லை. 2018 நவம்பர் 29 அன்று, வெளியாகி ஆறு வாரம் முடிவதற்குள், நெட்ஃபிளிக்ஸ் தொடரை நிறுத்திவிட்டது. அடுத்த சீசனுக்கான கதையை ஓல்சன் குழு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது. அதனால்தான் கடைசி ஷாட்டில் முதுகெலும்பு உடைந்த டெக்ஸுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது அவன் கண் திறக்கிறது. ஆக, இது கடைசி சீசன் என்று தெரியாமலே எடுத்த கடைசி சீசன். எனக்கு அதுதான் இதன் பலம் என்று தோன்றுகிறது. கடைசி என்று தெரிந்துவிட்டால் பழைய ஆட்களையெல்லாம் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டல் வாங்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். 'ஏரோ' தொடரின் எட்டாவது சீசன் 10 எபிசோடுதான், அதிலும் பாதி நேரம் விடைபெறுவதற்கும் வேறு தொடர்களோடு சேர்ந்த பெரிய நிகழ்வுக்குத் தயாராவதற்கும் போய்விட்டது. 'ஸ்மால்வில்' பத்து வருஷம் இழுத்து 2011-இல் முடிந்தபோது, சூப்பர்மேன் உடையைப் போட்ட நாயகனை நெருக்கத்தில் முழுசாகக் காட்டக்கூட இல்லை. 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' ஏழாவது சீசன் ஜாலியாகப் போகும், காலப் பயணம் பிடிக்கும் என்றால் பார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவை எதிலும் நதீம் மாதிரி ஒருவன் இல்லை.

இன்னொன்று, பாளையங்கோட்டையில் இருக்கிறாய் என்பதால் சொல்கிறேன். அங்கே பார்வையற்றோருக்கான பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, உன் கல்லூரியிலும் அங்கே படித்து வந்தவர்கள் இருப்பார்கள். 2015-இல் டேர்டெவில் வந்தபோது, பார்வையில்லாத நாயகனைப் பற்றிய தொடரைப் பார்வையில்லாதவர்கள் பின்தொடர வழியில்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. திரையில் நடப்பதைக் குரலில் விவரிக்கும் ஒலித்தடத்தை நெட்ஃபிளிக்ஸ் சில நாளிலேயே சேர்த்தது, அதை முதலில் பெற்ற தொடர் இதுதான். சார்லி காக்ஸுக்கு அதே வருஷம் அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்பு ஹெலன் கெல்லர் பெயரில் விருது கொடுத்தது. ஜெயில் சண்டையை ஒரு தடவை திரையை அணைத்துவிட்டு அந்த விவரிப்போடு மட்டும் கேட்டுப்பார். அந்த 11 நிமிஷத்தை விவரிக்கிறவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று தெரியும். வகுப்பில் பார்வையில்லாத நண்பர் யாராவது இருந்தால் சேர்ந்தே கேள், நீ கவனிக்காததை அவர் சொல்வார்.

எங்கே பார்ப்பது என்றால், 2022-இல் உரிமை நெட்ஃபிளிக்ஸிடமிருந்து டிஸ்னி பக்கம் போய்விட்டது, இங்கே ஹாட்ஸ்டாரில் தேடு. அதே நடிகர்களோடு 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' 2025 மார்ச்சில் தொடங்கியது. 1986 காமிக்ஸின் பெயரை எடுத்துக்கொண்டார்களே தவிர, அந்தக் கதை மூன்றாவது சீசனில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் புதிதை முதலில் தொடாதே. முதல் சீசன் 13, இரண்டாவதில் நான் சொன்ன ஆறு, மூன்றாவது 13, இந்த வரிசையில் போ. பன்னிரண்டாவதையும் பதின்மூன்றாவதையும் ஒரே இரவில் பார்த்துவிடு, நடுவில் தூங்கப் போனால் நதீம் விடமாட்டான். செமஸ்டர் முடிந்த பிறகு தொடங்கு, இல்லையென்றால் உங்கம்மா என்னைத்தான் பிடிப்பாள்.